30 வாரத்தில் பிறந்த பிள்ளை: எட்டு மாதமா, ஐந்தரை மாதமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு) – கேள்வி

பொம்புளப் பிள்ளை. பெப்ரவரி 4இல் 30 வாரத்தில் பிறந்தது, 1 கிலோ 350 கிராம். கர்ப்பிணிக் கார்ட்டில் பிறக்கும் எண்டு இருந்த திகதி ஏப்ரல் 15. ஒக்டோபர் 4உடன் எட்டு மாதம், நிறை 6 கிலோ 200. கவிழ்ந்து படுத்துத் தலையை நல்லாத் தூக்குது, ஒரு பக்கம் புரளுது. பிடிச்சு இருத்தினா முன்னால சரியுது. வாறவங்க எல்லாம் "எட்டு மாசமாச்சு, இன்னும் இருக்கல்லயா" எண்டு கேட்கிறாங்க. கிளினிக் கொப்பியில் நிறைக்குப் போடுற புள்ளி செம்மஞ்சளில் விழுந்திருக்கு. கீழ் முரசு வெள்ளையாத் தெரியுது எண்டு மாமி முதல் பல்லுக்குச் செய்ற பல்லுக் கொழுக்கட்டைச் சடங்குக்கு நாள் பார்க்கிறா. எந்த வயசை வச்சுப் பார்க்கிறது? முதலாவது பிறந்தநாளை எந்தத் திகதியில் செய்றது?

பாண்டிருப்பு மிஸ் – பதில்

ரெண்டு வயசும் வேணும் தங்கச்சி. ஊசிக்குப் பிறந்த திகதி. நிறை, நீளம், தலைச் சுற்றளவு, இருத்தல், தவழ்தல், பேச்சு எல்லாத்துக்கும் திருத்திய வயது (கார்ட்டில் இருந்த திகதியிலிருந்து எண்ணுற வயது), ரெண்டு வயது முடியுமட்டும்.

பெப்ரவரி 4க்கும் ஏப்ரல் 15க்கும் இடையில் 70 நாள், பத்து வாரம். அதைக் கழித்தால் ஒக்டோபர் 4இல் பிள்ளைக்கு 5 மாதம் 19 நாள். சிலர் 37 வாரத்திலிருந்து கழிக்கிறாங்க, அது பிழை. 40இலிருந்துதான் கழிக்க வேணும்.

இப்ப கொப்பியைப் பாருங்க. எட்டு மாதக் கோட்டில் பெண் பிள்ளைக்கு 6.3 கிலோவுக்குக் கீழே போனால் நிறை குறைவு. அதனாலதான் 6.2 செம்மஞ்சளில் விழுந்தது. அதே 6.2ஐ ஐந்தரை மாதத்துக்கு இடப்பக்கமா நகர்த்திப் போட்டால் இளம் பச்சைக்குள்ள வந்திடும். அடுத்த கிளினிக்கில் உங்கட மருத்துவமாது மிஸ்ஸிடம் சொல்லி, பிறந்த வயதில் ஒரு புள்ளியும் அங்கிருந்து பின்னுக்கு ஒரு அம்புக்குறியும் போடச் சொல்லுங்க. ஒரு புள்ளியை விட மூன்று மாதப் புள்ளிகளைச் சேர்த்த கோடு எந்தப் பக்கம் சரியுது என்பதுதான் முக்கியம். நிறுக்கும்போது ஒரே தராசு, உடுப்பும் பம்பர்ஸும் இல்லாமல். நனைந்த பம்பர்ஸ் ஒன்றே ஒரு மாத வளர்ச்சியைப் பொய்யாக் காட்டும்.

ஊசியைத் திருத்திய வயதுக்குப் பிற்போட வேண்டாம், நிறைய வீட்டில் நடக்கிற பிழை இது. நவம்பர் 4இல் ஒன்பது மாதம், எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி) அப்பவே போட வேணும்.

இன்னொன்று, இரும்புச் சத்துத் துளி. குறைமாதப் பிள்ளைக்கு வழமையா ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம், ஒரு வயது வரை. 3 கிலோவில் எழுதின அளவையே 6 கிலோவிலும் கொடுத்தால் பாதிதான் கிடைக்குது. மில்லிலீற்றரை நீங்களாக் கூட்ட வேண்டாம். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், போத்தலைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்க.

அக்கரைப்பற்று ஃபிசியோ – பதில்

இருத்தல் பற்றி: உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவில், பிடிக்காமல் இருப்பது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். திருத்திய 9.2 மாதம் உங்கட பிள்ளைக்கு ஜனவரி இருபது சொச்சத்தில்தான் வருது. தனியா நடப்பதற்கு 17.6 மாதம் வரை இடமிருக்கு, அதாவது அடுத்த வருச ஒக்டோபர் முதல் வாரம் வரை. கேட்கிறவங்களுக்கு இந்தத் திகதிகளையே சொல்லிவிடுங்க.

வயிற்றில் கடைசி வாரங்களில் பிள்ளை சுருண்டு கிடக்கும். குறைமாதப் பிள்ளைக்கு அந்தக் காலம் இல்லாததால் தோள் பின்னுக்கு இழுத்து, முதுகு வளைந்து விறைக்கிற பழக்கம் வரலாம். இதற்கு மருந்து பாய்தான். மெத்தை வேண்டாம், பாயில் துணி விரியுங்க. பால் குடித்து அரை மணி கழித்து, முழித்திருக்கும்போது கவிழ்த்துப் படுக்க வையுங்க. சின்னத் துவாயைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து, ரெண்டு முழங்கையையும் அதற்கு முன்னால எடுத்துவிடுங்க. மூன்று நாலு நிமிசம், ஒரு நாளைக்கு நாலைந்து தரம். அழுதால் தூக்குங்க, பிறகு பார்க்கலாம். நித்திரைக்கு மட்டும் எப்பவும் மல்லாக்கத்தான்.

இருத்திப் பழக்க, உங்கட ரெண்டு காலுக்கும் இடையில் வைத்து, அவட கையை முன்னால நிலத்தில் ஊன்ற விடுங்க. பிடியை இடுப்பில் பிடியுங்க. நெஞ்சில் பிடித்தால் முதுகுக்கு வேலையே இல்லை. வோக்கர் வேண்டாம். காலில் நிறுத்தித் துள்ள வைக்கிறதும் வேண்டாம், நுனிக்காலில் ஊன்றி விறைப்பு கூடும்.

திருத்திய வயதிலும் பொறுக்கக் கூடாத சில இருக்கு: நாலு மாதம் தாண்டியும் கை பொத்தியே இருப்பது, கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கிடுவது, ஒரு வயதுக்கு முன் ஒரே கையை மட்டும் பாவிப்பது, முகத்தைப் பார்த்துக் கண்ணை நிறுத்தாதது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீங்க.

வாவிக்கரை

நன்றி. கை ரெண்டையும் பாவிக்கிறா. சோறு ஆறு மாதத்தில் தொடங்கினோம், அது கெதியாப் போச்சா? குளிக்க வார்த்து சாம்பிராணி பிடிக்கச் சொல்றாங்க, ஏணையும் கட்டியிருக்கு.

பாண்டிருப்பு மிஸ்

சோறு பிழையில்லை. அப்ப திருத்திய வயது மூன்றரை தாண்டியிருக்கு, தலையும் நின்றிருந்தால் போதும். ஆனால் தண்ணிக் கஞ்சியா வேண்டாம். கரண்டியைச் சரித்தால் வழியாத பதத்தில் மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுங்க. முள் எடுத்த மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல் எல்லாம் இப்பவே கொடுக்கலாம்.

சாம்பிராணி, நுளம்புச் சுருள், அடுப்புப் புகை மூன்றும் இந்தப் பிள்ளையின் சுவாசப்பைக்கு ஆகாது. ஏணையில் நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டிச் சுவாசம் அடைபடும், அதில் நித்திரை கொள்ள விட வேண்டாம். விழித்திரை, செவிப்புலப் பரிசோதனைகள் முடிந்ததா என்று டிஸ்சார்ஜ் கார்ட்டில் ஒருக்காப் பாருங்க.

ஆரையம்பதி குஞ்சி – பதில்

நாள் பார்க்க முதல், கழுவின விரலால் முரசைத் தடவிப் பாருங்க. கூரா நெருடினால் பல். வழுவழுப்பா இருந்தால் மாமியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. பல்லும் இவங்களுக்குப் பிந்தித்தான் வரும்.

இருக்காத பிள்ளையைத் தலகணிக்கு நடுவில் குத்தி வைத்துச் செய்ய வேண்டாம், தாயின் மடியே போதும். வெள்ளைத் துணியை ரெண்டு பேர் தலைக்கு மேல பிடிக்க, கொழுக்கட்டையைத் துணியில கொட்டுங்க. கொட்டுறதுக்குப் பயறு வைக்காமல் நெல்லிக்காய் அளவில் தனியா அவித்து ஆற வையுங்க. உள்ளுடன் வைத்தது பாரம், சூட்டையும் நெடுநேரம் வைத்திருக்கும். பல்லு மாதிரி குத்துற தேங்காய்ச் சொட்டு தொண்டையில் சிக்கும். அதைச் சபைக்குப் போற தட்டில மட்டும் குத்துங்க, பிள்ளையைச் சுற்றி விழுந்ததை உடனே பொறுக்குங்க. பிள்ளை எதை எடுக்குது எண்டு பார்க்க வைக்கிற தட்டத்தில் கொப்பி, பேனை, கண்ணாடி, காப்பு வைக்கலாம். கத்தரிக்கோல், சில்லறைக் காசு வேண்டாம். தவழாத பிள்ளை, அதனால தட்டம் கைக்கெட்டும் தூரத்தில், நேர் நடுவில் இருக்கட்டும். ஒரு பக்கமா வைத்தால் அந்தப் பக்கத்துக் கைதான் போகும்.

பிறந்தநாள் பெப்ரவரி 4தான், அதை மாற்றாதீங்க. ஆனால் அன்று சுதந்திர தினம், எல்லாருக்கும் லீவு. கூப்பிடாதவங்களும் வந்து நிற்பாங்க. மாரி முடிகிற நேரம், தடிமனும் இருமலும் வீட்டுக்கு வீடு. முற்றத்தில் வையுங்க, வாசலில் சவர்க்காரமும் வாளித் தண்ணியும். முகத்தில் கொஞ்சுறது, கைக்குக் கை மாற்றுறது இல்லை எண்டு முதலே சொல்லிவிடுங்க. ஊதாத பலூனை நிலத்தில் விட வேண்டாம்.

பெரிய சபையாச் செய்ய ஆசை எண்டால் ஏப்ரல் 15 இருக்கு. சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள், உறவெல்லாம் ஊரில்தான் நிற்கும், மழையும் விட்டிருக்கும். எம்எம்ஆர் போட்டு அஞ்சு மாதமும் கடந்திருக்கும்.