மட் ஃப்ளாப் மாட்டிப் பட்ட பாடு: சேலம், ஏற்காடு ஆட்கள் உங்கள் கதையையும் சொல்லுங்க

அஸ்தம்பட்டி தார்:
போன ஐப்பசியில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. டயரை ஒரு சைஸ் பெரிசாக்கிய பிறகு வண்டியோடு வந்த ஃப்ளாப், அதான் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கத் தொங்குகிற பட்டை, பத்தவில்லை, சேறு கதவுக் கைப்பிடி வரைக்கும் அடித்தது. சரியென்று லாரிக்குப் போடுகிற கனத்த ரப்பரை வாங்கி, தரைக்கு நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் எதிரே உர மூட்டை ஏற்றிய பிக்கப். ஒதுங்க இடமில்லை, நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன். பின்சக்கரம் ஒரு பாறை விளிம்பில் ஏறும்போது ரப்பர் டயருக்கும் பாறைக்கும் நடுவே சிக்கியதை நான் பார்க்கவில்லை. ‘சரக்’கென்று ஒரு சத்தம்தான். பிக்கப் டிரைவர் இறங்கி வந்து, குனிந்து, டயருக்கடியிலிருந்து அதை உருவினார். சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் மூடியிருக்கிற பிளாஸ்டிக் லைனரும் கிளிப்போடு கூடவே வந்துவிட்டது. மண்ணைத் தட்டி என் கையில் கொடுத்து, “இந்தாங்கண்ணா, உங்க வண்டிக் காது” என்றார். சிரிக்கக்கூட இல்லை.

லாரிப்பட்டறை:
நாலு விரலா? அது நெடுஞ்சாலையில் ஓடுகிற லாரிக்குச் சரி, பாறை ஏறுகிற வண்டிக்கு ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். ரப்பர் மேல் தப்பில்லை தம்பி, நீளம்தான் தப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் ஃப்ளாப்பே வேண்டாம் என்று கழற்றிவிடாதீங்க, நான் அப்படிக் கழற்றியவன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, இருபது கொண்டை ஊசியில் பாதி தாண்டியிருப்பேன், ஒரு திருப்பத்தில் ஜல்லி சிதறிக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு பைக் என்னை முந்திப் போய்க் குறுக்கே நின்றது. காலேஜ் பையன். திட்டுவான் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் உள்ளங்கையைத் திறந்து காட்டினான், புளியங்கொட்டை அளவில் ஒரு கல். ஹெல்மெட் கண்ணாடியில் விரிசல். கண்ணாடிக்குக் காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கொட்டச்சேடு காப்பி:
என் கதை சின்னது. கடையில் பாடியில் துளை போட்டு ஸ்குரூ அடித்தார்கள், இரண்டு மழைக்காலத்தில் அந்தத் துளையைச் சுற்றித் துரு. அவ்வளவுதான். ஆனால் மாட்டப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்க. முதலில் பாடியிலேயே இருக்கிற துளையில் உட்காருமா பாருங்க. புதுத் துளைதான் வழி என்றால் ஓரத்தை உரசிவிட்டு ப்ரைமர் பூசி, காய்ந்த பிறகு போல்ட் போடுங்க. ரப்பருக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையோ அகல வாஷரோ வைத்தால்தான் போல்ட் ரப்பரைக் கிழித்துக்கொண்டு வராது. நைலான் வளையம் உள்ள நட் போடுங்க, குலுக்கலில் கழலாது. போல்ட்டின் தலை டயர் பக்கம் இருக்கட்டும். நுனி டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், பள்ளத்தில் சக்கரம் மேலே வரும்போது டயரைக் கீறும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்க, அதுவும் ஆளும் மூட்டையும் ஏற்றி வைத்துப் பாருங்க, காலி வண்டியில் உரசாதது கொண்டை ஊசியில் உரசும். பின் ஃப்ளாப்பில் ஒரு துளை போட்டுச் சின்னச் சங்கிலி கோத்துக்கொண்டால், தோட்டப் பாதையில் இறங்கும் முன் மேலே தூக்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஐந்து ரோடு:
காப்பி அண்ணா, கேட்டது அனுபவம், நீங்க வகுப்பே எடுத்துட்டீங்க. சங்கிலி மட்டும் நல்ல யோசனை. லாரிப்பட்டறை அண்ணா, ஃப்ளாப் இருந்தால் கல்லே தெறிக்காது என்று இல்லை, உயரத் தெறிப்பது குறையும், அவ்வளவுதான். நான் பின்கண்ணாடி சுத்தமாக இருக்கும் என்று ஆசைப்பட்டு நாலு சக்கரத்துக்கும் மாட்டினேன். குப்பனூர் வழியாக மழையில் ஏறி, மேலே டீக்கடையில் இறங்கிப் பார்த்தால், கதவும் ஃபுட்போர்டும் பரவாயில்லை, பின்கண்ணாடி முழுக்கச் செம்மண். நேர்வெட்டுப் பின்பக்கம் உள்ள வண்டியில் காற்றே சேற்றைச் சுழற்றிப் பின்னால் அப்பிவிடும், அதற்கு ஃப்ளாப் என்ன செய்யும்? டீக்கடைப் பாட்டி அந்தக் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, “உள்ள ஆள் இருக்கா?” என்று கேட்டது.

அஸ்தம்பட்டி தார்:
லாரிப்பட்டறை அண்ணா, ஒரு சாண் விட்டு இப்போது மாட்டியிருக்கிறேன், சங்கிலியும் கோத்தாயிற்று. வலது பக்கம் முழுசாக ஒடித்தால் முன்னால் லேசாக உரசுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஓரத்தை வெட்ட வேண்டும். கிழிந்து வந்த அந்தக் காதை அம்மா கிரைண்டருக்கு அடியில் போட்டிருக்கிறார், மாவாட்டும்போது இப்போது ஆடுவதில்லையாம்.