மறுமொழி: 'நச்சுயிரித் தேக்கம்' வேண்டாம், 'தணலணு' சரிவருமா?

ஐயா, வணக்கம்.

எச்.ஐ.வி. கிருமி உறங்கிக் கிடக்கும் உயிரணுக்களுக்கு (ஆங்கிலத்தில் 'latent reservoir') 'நச்சுயிரித் தேக்கம்' என்று தமிழில் எழுதியிருந்தீர்கள். சொல் அழகுதான். ஆனால் ஊட்டியில் இருந்துகொண்டு அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே தேக்கம் என்றால் எமரால்டு, அவலாஞ்சி அணைகள்தான். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்.

இந்த அணுக்களோ அரிதிலும் அரிது. ஓய்வில் இருக்கும் சி.டி.4 நினைவணுக்களில் (பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் ஒருவகை நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்கள்) ஏறக்குறைய 10 லட்சத்துக்கு ஒன்றில்தான் மறுபடி பெருகக்கூடிய கிருமி இருக்கிறது. தன் மரபுக்குறிப்பை அணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கிறது. காவல் அணுக்கள் கண்ணிலும் படாது, மருந்துக்கும் சிக்காது. 1997-இல்தான் இது தெளிவாயிற்று. விடாமல் மருந்து சாப்பிட்டாலும் இவை பாதியாகக் குறைய சுமார் 44 மாதம் பிடிக்கும்.

எச்.ஐ.வி. ஆலோசனை மேசையில் போன மாதம் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கிருமியே தெரியலைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சே அக்கா, மாத்திரையை நிறுத்திடலாமா?" அவருடைய சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கையும் 600-ஐத் தாண்டி நல்ல நிலையில் இருந்தது. 'தேக்கம்' என்றால், வற்றிவிடும் என்றுதான் நினைப்பார். நான் கரி அடுப்பைச் சொன்னேன். உறைபனி நாளில், விடியற்காலை அடுப்பின் மேல் கை வைத்தால் சில்லென்றிருக்கும். சாம்பலைக் குச்சியால் கிளறினால் அடியில் சுண்டுவிரல் அளவு ஒரு துண்டு சிவந்து கிடக்கும். இரண்டு சுள்ளி வைத்து ஊதினால் போதும்.

"அப்போ மாத்திரைதான் சாம்பலா?" என்றார். இல்லை, சுள்ளி கிடைக்காமல் செய்வதுதான் மாத்திரை என்றேன். புதிய அணுக்களைத் தொற்றவிடாமல் தடுப்பதுதானே அதன் வேலை! நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மறுபடி பற்றிக்கொள்ளும். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அதனால் அந்த அணுவுக்குத் 'தணலணு', கிருமி அடங்கியிருக்கும் நிலைக்கு 'நீறுநிலை', திரும்பப் பெருகுவதற்கு 'மீள்மூளல்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். நீறு பூத்த நெருப்பு என்ற வழக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அக்கா ஒருவர் 'உறங்கணு' என்றார். அதில் ஒரு சிக்கல்: தொற்றே இல்லாத நினைவணுவும் உறங்குவதுதான். அங்கே உறங்குவது அணு, இங்கே உறங்குவது அணுவோடு கிருமியும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

அப்புறம், 'இரத்தத் தணலணு' என்று முன்னொட்டுச் சேர்க்க வேண்டாம். இவை நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும்தான் அதிகம்.