எலாஸ்டின் கலந்த கிறீம் அம்மாவின் தோலை மீட்டுத் தருமா?

மஸ்கெலியா மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மா 32 வருடங்கள் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டுச் சென்ற வருடம்தான் வேலையிலிருந்து நின்றார். அவருடைய கன்னத்திலும் புறங்கையிலும் தோல் தடித்து, மஞ்சள் பாய்ந்து, ஆழமாகச் சுருங்கியிருக்கிறது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே படியாமல் சிறிது நேரம் அப்படியே நிற்கிறது. ஹட்டனில் ஒரு கடையில் எலாஸ்டின் கலந்த கிறீமைக் காட்டி, போன இழுவிசை திரும்பி வரும் என்றார்கள். விலை 4,500 ரூபாய். வாங்கலாமா?

தலவாக்கலை பார்மசி:
தங்கச்சி, அந்த நோக்கத்திற்காக வாங்க வேண்டாம். எலாஸ்டின் என்பது தோலின் உட்படையில் இருக்கும் புரதம். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வருவது அதன் இயல்பு. உயிரணுக்கள் முதலில் துரோபோஎலாஸ்டின் என்ற மூலக்கூறை வெளிவிடுகின்றன. பிறகு செம்பின் துணையோடு இயங்கும் ஒரு நொதியம் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்குகிறது. இந்த வேலை பெரும்பாலும் கருவிலும் சிறுவயதிலும் முடிந்துவிடுவதால், அன்று பின்னிய வலையைத்தான் நாம் ஆயுள் முழுவதும் பயன்படுத்துகிறோம்.

தோலின் மேற்படையைத் தாண்டிச் செல்ல மூலக்கூறின் எடை பொதுவாக 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். துரோபோஎலாஸ்டினின் எடையோ ஏறத்தாழ 60,000. கிறீம்களில் சேர்ப்பது சிறு துண்டுகளாக உடைத்த எலாஸ்டின் என்றாலும், அவற்றிலும் பெரும்பாலானவை அந்த எல்லையை விடப் பெரியவையே. அப்படியே சில உள்ளே போனாலும், உடைந்த துண்டுகள் தாமாகக் கூடி வலையாகிவிடுவதில்லை. அவை மேலே படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால் தோல் சில மணி நேரம் மிருதுவாகத் தெரியும். அந்தப் பலனைச் சாதாரண வாசலின் களிம்பும் தரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எலாஸ்டினை மாட்டின் பிடரியில் உள்ள தடித்த மஞ்சள் நாரிலிருந்தும் மீனிலிருந்தும் எடுப்பது வழக்கம். மாட்டிறைச்சியை விலக்கும் வீடுகளில் இதைக் கேட்டறிந்து வாங்குவதே முறை.

பண்டாரவளை ஆசிரியர்:
அம்மாவின் மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள், மகள். அதே வயதுத் தோல்தான், ஆனால் வெயில் படாதது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடுகிறது. மலையில் குளிர்கிறது என்பதால் நாம் அதை உணர்வதில்லை, மெல்லிய மூடுபனியும் அதை முழுமையாகத் தடுப்பதில்லை. வருடக்கணக்கில் அந்தக் கதிர் பட்டால் எலாஸ்டின் நார்கள் சிதைந்து கட்டி கட்டியாகச் சேர்கின்றன; நீங்கள் சொல்லும் தடிப்புக்கும் மஞ்சளுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆறாத புண்ணோ, சொரசொரப்பான திட்டோ தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மஸ்கெலியா மகள்:
பார்த்தேன், சேர். சட்டைக் கை மறைத்திருந்த இடம் என் கையைப் போலவே வழுவழுப்பாக இருந்தது. அம்மாவே அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவருக்கு வாசலின் போதும். என் தங்கை ஆறு மாதமாக மலைக்குப் போகிறாள். அந்தக் காசில் அவளுக்கு முழுக்கைச் சட்டை இரண்டும், புறஊதாக் கதிரின் யூவி-ஏ, யூவி-பி என்ற இரண்டு வகையையும் தடுக்கும் சன்ஸ்கிறீனும் வாங்கப் போகிறேன்.


தலவாக்கலை பார்மசி:
சன்ஸ்கிறீனின் வெயில் தடுப்பு அளவான எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், தங்கச்சி. காலையில் பூசியது வியர்வையில் போய்விடும். மத்தியானம் கொழுந்தை எடை போட்ட பிறகு முகத்திலும் கழுத்திலும் புறங்கையிலும் மறுபடி பூசச் சொல்லுங்கள்.