யீல்ட்: வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, இரசாயன ஆசிரியை:
வணக்கம். உயர்தர மாணவருக்கு ஒரு கைநூல் செய்கிறோம். பயிரின் யீல்டையும் (கிடைக்கும் அளவு) இரசாயனத் தாக்கத்தின் யீல்டையும் கூட்டிக் குறைக்கும் காரணிகள் ஒரே பாட அலகில் வருகின்றன. வயலுக்குப் போகும் யூரியாவே, நைதரசனும் ஐதரசனும் தாக்கமுற்று உண்டாகும் அமோனியாவிலிருந்து வருவதுதானே. வயல் பகுதியில் ‘விளைச்சல்’ என்று போட்டுவிட்டேன். தாக்கத்துக்கு என்ன போடுவது? ‘விளைவு’ ஏற்கெனவே தாக்கத்தில் உண்டாகும் பொருளின் பெயர். “விளைவின் விளைவில் வெப்பநிலையின் விளைவு” என்று தலைப்பெழுதி, நானே சிரித்து அழித்தேன்.

போன தவணை ஒரு பிள்ளை எழுதியது: “யூரியா போட்டால் நெல் கூடுவதுபோல, ஊக்கி போட்டால் அமோனியா கூடும்.” இரும்பு ஊக்கி சமநிலைக்கு விரைவாகக் கொண்டுபோகும், அவ்வளவுதான், சமநிலையில் இருக்கும் அமோனியாவைக் கூட்டாது. வேகம் வேறு, கிடைக்கும் அளவு வேறு. சொல்லிலேயே அது தெரிந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சொல் இருக்கிறது பிள்ளை. விளையுள். “தள்ளா விளையுளும் தக்காரும்” என்று தொடங்கும் 731ஆம் குறளைப் பாருங்கள். செய் + உள் செய்யுள் ஆனதுபோல விளை + உள். ‘விளை’க்கு விருப்பம் என்றும் பொருளுண்டு. விளையாட்டு அதிலிருந்து வந்ததா என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

வவுனியா, விவசாயப் போதனாசிரியர்:
ஐயா, இரணைமடுக் குளத்தின் கீழே கமக்காரர் கூட்டத்தில் போய் ‘விளையுள்’ என்றால், “தம்பி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை? அதைச் சொல்லும்” என்பார்கள்.

முல்லைத்தீவு:
கமக்காரருக்கும் குறள் இருக்கிறது. உழுத புழுதி ஒரு பலம் கால் பலமாகக் காய்ந்தால் பிடி எருவும் வேண்டாமாம், “சாலப் படும்” (1037). படுதல் என்றாலே விளைதல்.

வவுனியா:
2021இல் உர இறக்குமதியை நிறுத்தியபோது அந்தக் குறளை நம்பி யாரும் நெல் கட்டச் சாக்கு வாங்கவில்லை ஐயா.

மாங்குளம், மாணவர்:
டியூசனில் யீல்ட் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே போட்டால் என்ன?

தஞ்சாவூர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் ‘கண்டுமுதல்’ என்பார்கள். நிற்கிற பயிரைப் பார்த்து மதிப்புப் போடுவது ஒன்று, களத்தில் அளந்து கண்டது ஒன்று. நீங்கள் தாக்கம் என்பதை நாங்கள் வினை என்கிறோம். எப்படிச் சொன்னாலும் ஏட்டுக் கணக்கும் கைக்கு வந்ததும் இரண்டுதானே?

கிளிநொச்சி:
கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. 28 கிராம் நைதரசன் முழுதும் தாக்கமுற்றால் 34 கிராம் அமோனியா வர வேண்டும். கைக்கு வந்தது 5.1 கிராம் என்றால் 100க்கு 15. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ‘முதல்’ என்றால் கடை போடும் காசு. கடைசியில் கிடைப்பதை முதல் என்று சொன்னால் இன்னொரு பாடம் நடத்த வேண்டிவரும்.

முல்லைத்தீவு:
அப்போ பொலி. சூடடித்துத் தூற்றிக் குவித்ததைப் பொலி என்றுதானே சொன்னோம்? பொலியளவு.

வவுனியா:
பொலிகாளையும் அதே பொலிதான் ஐயா. பின்வரிசை ஒரு கிழமைக்கு அடங்காது.

பரந்தன்:
நான் தமிழும் படிக்கவில்லை, இரசாயனமும் படிக்கவில்லை. ஒன்று கேட்கிறேன். ஆனையிறவில் உப்பு விளைகிறது என்கிறோமே, விதைத்தோமா, நாற்று நட்டோமா? பாத்தியில் உவர்நீரை விட்டோம், மிச்சத்தை வெயில் பார்த்தது. மழை முந்தினால் விளைச்சல் போச்சு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் இருந்தது. உப்புக்கு விளைச்சல் உண்டென்றால் சோடாவுக்கு ஏன் இல்லை?

கிளிநொச்சி:
அண்ணை, உப்பு விளைவது ஆவியாதல், அது தாக்கமல்ல. ஆனாலும் இதை யோசிக்காமல் விட்டேனே.

வவுனியா:
எனக்கு அண்ணையின் கட்சி. எந்தச் சத்து குறைவோ அதுவே பயிரைக் கட்டிப்போடும் என்ற விதியைப் பரப்பிய லீபிக்கே ஒரு ஜெர்மன் இரசாயனக்காரர். பொஸ்பரசு இல்லாத வயலில் யூரியாவைக் கொட்டி என்ன? ஐதரசன் தீர்ந்த கலத்தில் நைதரசன் மிச்சம் கிடந்து என்ன? இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு. சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கிளிநொச்சி (வியாழன் இரவு):
சரி, இரண்டுக்கும் விளைச்சல். ‘விளைச்சல் வீதம்’ மட்டும் போடமாட்டேன். தாக்க வீதம் என்று வேகத்தைச் சொல்கிறோம், அந்தப் பிள்ளை திரும்பவும் குழம்பும். ‘சதவீத விளைச்சல்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்குள்ளும் ஒரு வீதம் ஒளிந்திருக்கிறது, தெரியும். களைத்துவிட்டேன்.

முல்லைத்தீவு:
அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதில் விளையுள் என்று பேனையால் திருத்திக்கொள்வேன். விளையாட்டுப் பற்றிய குறிப்பு பதினொரு பக்கம் வந்துவிட்டது, இணைத்திருக்கிறேன்.