43 நாள் ஷட்டவுன்: "பாக்கிச் சம்பளம்தான் வந்துடுமே, அப்புறம் என்ன?"

மீனா_மேரிலாந்து

2025 நவம்பர் 12 ராத்திரி அமெரிக்க அரசோட செலவு மசோதா கையெழுத்து ஆயிடுச்சு. செலவுக்குப் பணம் ஒதுக்காததால அரசு அலுவலகங்களை மூடுற ஷட்டவுன், அக்டோபர் 1-ல ஆரம்பிச்சு 43 நாள் ஓடி முடிஞ்சது. 2018-19-ல நடந்த 35 நாளையும் தாண்டிடுச்சு. முடிஞ்சது சந்தோஷம்தான். ஆனா எங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர், "எல்லாருக்கும் பாக்கிச் சம்பளம் வந்துடும், ஒன்றரை மாசம் லீவுன்னு நினைச்சுக்க வேண்டியதுதான்"னு போட்டிருந்தார். அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல.

என் கணவர் வேலை பார்க்கிறது அரசு ஆய்வகத்தில. ஆனா அரசு ஊழியர் இல்லை, கான்ட்ராக்ட் கம்பெனி ஆள். அதே கட்டடம், அதே மாடி. பக்கத்து மேசைக்காரர் ஃபெடரல், அதாவது மத்திய அரசு ஊழியர். 2019-ல போட்ட சட்டப்படி அவருக்குப் பாக்கிச் சம்பளம் உண்டு. என் கணவருக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. முதல் இரண்டு வாரம் சேர்த்து வெச்ச விடுப்பைக் கழிச்சாங்க, பொங்கலுக்கு ஊருக்குப் போக வெச்சிருந்தது. அதுக்கப்புறம் ஒரு காசு வரல. அந்த இடத்தில் தரை துடைக்கிறவங்க, கேன்டீன்ல சமைக்கிறவங்க, வாசல்ல நிக்கிற காவலாளி, முக்கால்வாசிப் பேர் இதே கதைதான். 2019-லயும் இவங்களுக்கு ஒண்ணும் திரும்பி வரல.

கணக்குப்பிள்ளை

மீனா அக்கா, உங்க வீட்டு நிலைமை வருத்தமா இருக்கு. அதுல எனக்கு மறுப்பே இல்லை. ஆனா ஷட்டவுனே கூடாதுங்கிற முடிவுக்கு நான் வர மாட்டேன். சட்டமா ஒதுக்காத பணத்தைக் கருவூலத்தில இருந்து எடுக்கக்கூடாதுன்னு அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கு. அதிபர் கையில சாவியைக் கொடுக்காம காங்கிரஸ், அதாவது அந்த ஊர் நாடாளுமன்றத்தோட கையில கொடுத்திருக்காங்க. அந்தச் சாவிக்கு மதிப்பு வேணும்னா, ஒரு நாள் பூட்டவும் தெரியணும். இந்த அக்டோபர்லதான் நாட்டுக் கடன் 38 டிரில்லியன் டாலரைத் தாண்டுச்சு. செலவைப் பத்தி சண்டையே போடாம வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டா அந்தக் கடனை அடைக்கப் போறது நம்ம பிள்ளைங்க.

இன்னொண்ணு. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியப் பணம் வந்துச்சு, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் நடந்துச்சு, தபால் வந்துச்சு. "நாடே முடங்கிடுச்சு"ன்னு சொல்றது மிகை.

சங்கர்_டாலஸ்

நீங்க சொன்ன மூணும் வருடாந்தர ஒதுக்கீட்டை நம்பி இல்லாதது, இல்லேன்னா தனியா வருமானம் உள்ளது. அதனால ஓடுச்சு. அந்த வேலிக்கு வெளிய இருந்தவன் கதையைச் சொல்றேன்.

நான் எச்1பி வேலை விசாவில இருக்கேன். செப்டம்பர் கடைசியில புது வேலைக்கு ஆஃபர் கையில வாங்கிட்டேன். மாறணும்னா முதல்ல தொழிலாளர் துறையில எல்.சி.ஏ.ங்கிற ஒப்புதல் சான்று வாங்கணும். விசா மனுவை வாங்குற குடியேற்றத் துறை நாம கட்டுற கட்டணத்தில ஓடுது, அதனால திறந்திருந்துச்சு. எல்.சி.ஏ. தர்ற அலுவலகம் ஒதுக்கீட்டுப் பணத்தில ஓடுது, அது மூடிக்கிச்சு. இணையதளமே இயங்கல. ஒரு கதவு திறந்திருக்கு, அதுக்குப் போற வழியில இருக்கிற கதவு பூட்டியிருக்கு! அக்டோபர் 31-க்குத்தான் மறுபடி திறந்தாங்க. அதுக்குள்ள புதுக் கம்பெனி வேற ஆளை எடுத்துடுச்சு. எனக்கு யார் பாக்கி தருவாங்க?

நான் பழைய வேலையிலயே இருந்ததால தப்பிச்சேன். லே-ஆஃப் ஆகி, வேற வேலை தேட விசாவில கிடைக்கிற 60 நாள் அவகாசத்தில இருந்தவங்களுக்கு அதுல ஒரு மாசம் இப்படியே கரைஞ்சது.

செல்வி_எடிசன்

நான் சனிக்கிழமைகள்ல இங்க ஒரு உணவு வங்கியில தன்னார்வலரா நிக்கிறேன். நவம்பர் முதல் வாரம் நான் பார்த்ததை எழுதறேன்.

ஸ்நாப்னு சொல்ற உணவு உதவி சுமார் 4 கோடியே 20 லட்சம் பேருக்குப் போகுது. எட்டுல ஒருத்தர். ஆளுக்கு மாசம் சராசரியா 190 டாலர்கூட இல்லை. நவம்பர் 1 அன்னிக்கு அது நின்னுச்சு. அவசர நிதியிலிருந்து கொடுங்கன்னு ரோட் ஐலண்ட் நீதிமன்றம் சொல்ல, அரசு மேல்முறையீடு போக, 7-ம் தேதி ராத்திரி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தற்காலிகமா நிறுத்தி வைக்க, சில மாநிலத்தில கார்டுல பணம் ஏறிடுச்சு, சில மாநிலத்தில பாதி, சில இடத்தில ஒண்ணுமே இல்லை. "இன்னிக்கு வருமா, நாளைக்கு வருமா"ன்னு கேட்டு வந்த ஒரு பாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியல. உணவு வங்கி ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தா ஸ்நாப் ஒன்பது வேளை கொடுக்குதுன்னு எங்க ஒருங்கிணைப்பாளர் சொல்வாங்க. ஒன்பது பங்கு நின்னதை ஒரு பங்கு வெச்சு எப்படி நிரப்புறது? அன்னிக்கு பதினொரு மணிக்கே அரிசி தீர்ந்துடுச்சு.

வரிசையில சீருடையோட ஒரு விமானநிலையச் சோதனை ஊழியர் நின்னார். வேலைக்குப் போற வழியில வந்திருக்கார். சம்பளம் இல்லாம வேலை.

ஆனா சண்டை போட்டே ஆகணும்னு கணக்குப்பிள்ளை சார் சொன்னது எனக்கும் உடன்பாடாதான் இருந்துச்சு, வேற காரணத்துக்காக. இந்தச் சண்டை எதுக்கு? மருத்துவக் காப்பீட்டுக்குத் தர்ற கூடுதல் மானியம் 2025 டிசம்பரோட முடியுது, நீட்டிங்கன்னு ஜனநாயகக் கட்சி கேட்டதாலதான். நானும் என் கணவரும் சின்னக் கடை நடத்துறோம், காப்பீட்டை வேலை வழியா இல்லாம நாங்களே சந்தையில வாங்குறவங்க. அந்த மானியம் போனா நாங்க கட்ட வேண்டியது சராசரியா இரண்டு மடங்குக்கு மேல போகும்னு கணிப்பு. அதுக்காக யாராவது பிடிவாதமா நிக்கணும்னு அக்டோபர்ல நானே நினைச்சேன். அந்த வரிசையைப் பார்த்த பிறகு என்னால அப்படிச் சொல்ல முடியல.

கணக்குப்பிள்ளை

அம்மா, ஸ்நாப் விஷயத்தில் நான் வாதாட வரல. அவசர நிதி இருந்தும் கொடுக்காம இழுத்தது தப்பு. ஆனா அது அந்த நிர்வாகம் எடுத்த முடிவு, ஷட்டவுன்னாலே அப்படித்தான்னு ஆகாது. 2018-19-ல சாப்பாட்டுப் பணம் நிக்கல. பிப்ரவரி உதவியை ஜனவரியிலேயே போட்டாங்க.

மீனா_மேரிலாந்து

அதையேதான் நானும் சொல்றேன். யார் வலி தாங்கணும், யார் தாங்க வேண்டாம்னு அதிகாரத்தில இருக்கிறவங்க தேர்ந்தெடுக்கலாம்னு ஆயிடுச்சு. இந்தத் தடவை ராணுவத்துக்கு வேற கணக்குல இருந்து பணத்தைத் திருப்பிச் சம்பளம் போட்டாங்க. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்குப் போடல. அவங்க வேலைநிறுத்தமும் செய்யக்கூடாது. 1981-ல செஞ்ச 11,000 பேருக்கு மேல அதிபர் ரீகன் வேலையை விட்டு நீக்கினார். வேலைக்கு வந்தே ஆகணும், சம்பளம் மட்டும் கிடையாது. நவம்பர் 7-ல இருந்து 40 விமான நிலையத்தில விமானங்களைக் குறைச்சாங்க. 9-ம் தேதி ஞாயிறு ஒரே நாள்ல 2,000-க்கு மேல ரத்து. சண்டை ஒருவழியா முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். விமானம் ஏறுறவங்க சத்தம் போட்டா உடனே கேக்குது. கேன்டீன்ல சமைக்கிறவங்க சத்தம் யாருக்கும் கேக்கல.

தென்காசி_மாரி

ஊர்ல இருந்து படிச்சிட்டிருக்கேன். ஒரு சந்தேகம். நம்ம நாட்டுல ஏன் இப்படி ஆகறதில்லை?

சங்கர்_டாலஸ்

தம்பி, நம்ம நாட்டுல நிதி மசோதா மக்களவையில தோத்தா அரசு ராஜினாமா பண்ணணும்ங்கிறது மரபு. அப்புறம் வேற ஆட்சி, இல்லேன்னா தேர்தல். பட்ஜெட் முழுசா நிறைவேறுறதுக்கு முன்னாடி செலவுக்கு வோட் ஆன் அக்கவுண்ட்ங்கிற இடைக்கால ஒதுக்கீடு வாங்கிக்கலாம், நம்ம அரசியல் சாசனத்தோட 116-வது பிரிவு. அமெரிக்காவில அதிபருக்கு நாலு வருஷம் உறுதி. ரெண்டு பக்கமும் முறைச்சுக்கிட்டு நின்னாலும் யார் நாற்காலியும் ஆடாது. காங்கிரஸ் உறுப்பினர் சம்பளமும் நிக்காது.

அமெரிக்காவிலயும் இது ஆதியில இருந்து இல்லை. 1970-கள்ல ஒதுக்கீடு தாமதமானப்போ அலுவலகங்கள் பாட்டுக்கு ஓடுச்சு, பணம் பின்னால வரும்னு. 1980-ல அரசோட தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி, 19-ம் நூற்றாண்டுச் சட்டம் ஒண்ணைக் காட்டி அப்படி ஓடக்கூடாதுன்னு கருத்து எழுதினார். அதுக்கப்புறம்தான் இந்தப் பூட்டு.

கணக்குப்பிள்ளை

அந்தச் சட்டம் இருக்கே சங்கர். பணம் இல்லாம அரசு கடமைப்படக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது. அவர் புதுசா எதையும் உருவாக்கல, இருந்ததை மதிச்சார்.

கான்ட்ராக்ட் ஊழியர் விஷயத்தில மட்டும் மீனா அக்காவுக்கு முழுசா இடம் கொடுக்கிறேன். அவங்களுக்கும் பாக்கி தர சட்டம் வரணும். ஆனா ஷட்டவுனே வராம இருக்க, புது ஒதுக்கீடு இல்லாட்டியும் பழைய அளவிலேயே பணம் தானா நீளும்னு ஏற்பாடு பண்ணிட்டா எந்தச் செலவையும் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டாங்க. அது எனக்கு இன்னும் பெரிய பயம்.

செல்வி_எடிசன்

43 நாள் பூட்டி என்ன செலவு குறைஞ்சுது சார்? வேலைக்கு வராத நாளுக்கும் சம்பளம் கொடுக்கப் போறாங்க. ஆறு வாரம் நீடிச்சா பொருளாதாரத்துக்கு மீளாத இழப்பு 1,100 கோடி டாலர்னு காங்கிரஸோட பட்ஜெட் அலுவலகமே கணிச்சது. எங்க மானியத்துக்குக் கிடைச்சது செனட்ல டிசம்பர் மாசம் ஒரு ஓட்டெடுப்பு நடத்தறோம்ங்கிற வாக்குறுதி. ரெண்டு பக்கத்து நோக்கமும் நிறைவேறல.

ஒரே நல்ல விஷயம், ஸ்நாப்புக்கு 2026 செப்டம்பர் வரைக்கும் பணம் ஒதுக்கிட்டாங்க. மத்த பல துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைக்கும்தான்.

மீனா_மேரிலாந்து

ஜனவரி 30-ஐ நானும் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன். இவருக்குத் திங்கள்கிழமை வரச் சொல்லி மெயில் வந்திருக்கு. அக்டோபர் வாடகையை நகைக் கடன்ல கட்டினோம். நவம்பர் வாடகையை ரெண்டு தவணையா வாங்கிக்கிறேன்னு வீட்டுக்காரம்மா சொல்லியிருக்காங்க. அவங்க மகனும் ஃபெடரல் ஊழியர்தான், அதனால புரிஞ்சுக்கிட்டாங்க.

செல்வி, உங்க உணவு வங்கிக்கு அரிசி வாங்கிக் கொடுக்க முடியுமான்னு எங்க குழுவில கேட்டிருக்கேன். எந்த அளவுப் பை வாங்கறாங்கன்னு சொல்லுங்க.

செல்வி_எடிசன்

இருபது பவுண்டுப் பைதான் வசதி, பிரிச்சுக் கொடுக்க எளிது. துவரம்பருப்பு இருந்தாலும் அனுப்புங்க. வர்றவங்கள்ல நம்மூர்க்காரங்களும் இருக்காங்க.