கடைமடை உப்பாகுது: கடல் ஏறுதா, நாம வழி விட்டோமா?

கடைமடை விவசாயி:
போன வாரம் எங்க ஊர்க் கூட்டத்துல ஒரு அதிகாரி "இது பருவநிலை மாற்றம், நம்ம கையில ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். காவிரி டெல்டாவோட கடைசியில, வேதாரண்யம் பக்கம் எனக்கு மூணு மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் நிலம். சம்பா நட்ட பத்தாம் நாள் நாத்து நுனி வெளுத்துச் சுருண்டுச்சு. வெயில் ஏறினா வரப்போரம் வெள்ளையாப் பூக்குது. நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு. எங்க வடிகால் கடல்ல சேர்ற இடத்துல கடல்தண்ணியைத் தடுக்கிற இயக்கு அணைக் கதவு ரெண்டு துருப்பிடிச்சு இறங்கவே மாட்டேங்குது. கடல் ஏத்தத்துல உப்புத்தண்ணி நேரா உள்ள வருது. கடல்மேல பழி போட்டுட்டா கதவுக்கு யார் பதில் சொல்றது?

மண்ணியல் மாணவி:
கதவு விஷயத்துல உங்க பக்கம்தான் அண்ணே. ஆனா கடல் ஏறவே இல்லங்கிற மாதிரி பேசாதீங்க. 2006 முதல் 2018 வரை உலக சராசரிக் கடல்மட்டம் வருஷத்துக்கு 3.7 மி.மீ. ஏறியிருக்கு, ஐ.நா.வோட பருவநிலைக் குழு ஐபிசிசியின் ஆறாம் அறிக்கையில இருக்கு. இன்னொரு பக்கம், 1934-ல காவிரியில மேட்டூர் அணை கட்டினதுலேர்ந்து வண்டல் அணையிலேயே படியுது. டெல்டா மேடேற மண் வரல. கதவை நாளைக்கே மாத்தினாலும் இது நிக்காது.

கடைமடை விவசாயி:
2004 சுனாமியில நாகப்பட்டினம் வயலெல்லாம் கடல்தண்ணியில மூழ்குச்சு தங்கச்சி. இனி புல்லும் முளைக்காதுன்னாங்க. ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமா மடக்கி உழுது, 2005 ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி கட்டிக் கட்டி வடிச்சோம். நெல் வந்துச்சே!

மண்ணியல் மாணவி:
அந்த உப்பு மேலேர்ந்து வந்தது, மழை கழுவிடுச்சு. இப்ப வர்றது கீழேர்ந்து. கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கீழ சுமார் 40 அடிக்கு உப்பை அழுத்தி வைக்கும். போர்வெல்ல அந்த 1 அடியை இறைச்சிட்டா 40 அடியும் போச்சு. ஆத்துத்தண்ணி வராத வருஷம் போரை ஓட்டினது நாமதானே?

இறால் குட்டைக்காரர்:
அடுத்து என்னைத்தான் சொல்லுவீங்க, நானே வந்துட்டேன். நெல்லு கைவிட்ட நிலத்துலதான் குட்டை வெட்டினேன். பதிவு வாங்கி நடத்துறேன். ரெண்டு பிள்ளைங்க படிச்சது அந்த இறால்ல. உப்பான நிலத்துல உப்புல வளர்றதை வளர்த்தா என்ன தப்பு?

கடைமடை விவசாயி:
உங்க பிள்ளைங்க படிச்சதுல எனக்கும் சந்தோஷம்தான் மாமா. ஆனா காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா இறால் பண்ணைங்களுக்கு எதிரா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர்லயே விளைநிலத்தை இறால் குட்டையா மாத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. குட்டைத்தண்ணி உங்க கரையோட நிக்கறதில்ல. பக்கத்து வயலுக்குக் கசியுது, அவரும் நெல்லை விடுறார், அப்புறம் அவரும் குட்டை வெட்டுறார். எங்க தெருவுல இப்படியே நாலு பேர்.

இறால் குட்டைக்காரர்:
கசியறதை மறுக்கல. சுத்தி வடிகால் வெட்டணும்னா நான் வெட்டுறேன். நெல்லுதான் போடணும்னு மட்டும் சொல்லாதீங்க.

மண்ணியல் மாணவி:
அளந்து பாத்துடலாம் மாமா. உப்பு கூடினா மண்ணோட மின்கடத்துதிறனும் கூடும்; அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் மகசூல் குறைய ஆரம்பிக்கும். அண்ணே, வடிகால் தண்ணி, போர் தண்ணி, குட்டையோரத் தண்ணி மூணையும் தனித்தனி பாட்டில்ல எடுத்து வைங்க. உப்பு எந்தப் பக்கம் கூடுதலா இருக்குன்னு தெரிஞ்சா கதவா, போரா, குட்டையான்னு பேசலாம். சனிக்கிழமை கருவியோட வரேன்.

கடைமடை விவசாயி:
ஏத்தத்துக்கு ஒண்ணு, வத்தத்துக்கு ஒண்ணு, ரெண்டு வேளையும் எடுத்து வைக்கிறேன். உப்பைத் தாங்குற நம்ம பழைய நெல்லு குழியடிச்சான் விதை யார்கிட்டயாவது ரெண்டு மரக்கால் இருந்தா சொல்லுங்க.