பொருள்: கான்கிரீஷனுக்குத் தமிழில் என்ன? 'திரளை' சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் பெரம்பலூரிலிருந்து அத்தை மகன் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினான். ஓடைக்கரையில் நாலைந்து உருண்டைக் கற்கள். கீழே, "மச்சான், மறுபடியும் டைனோசர் முட்டை!"

'மறுபடியும்' என்றது 2020 அக்டோபர் கதையை. குன்னத்தில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிளம்பின. இரண்டே நாளில் ஊரெல்லாம் முட்டைப் பேச்சு. பிறகு விவரம் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, இவை அம்மோனைட்டுகளோடு (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்கள்) தொடர்புடைய கடற்படிவுகள், முட்டை அல்ல என்றார்கள். அந்த மறுப்பு முட்டை போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை.

அவனுக்குப் பதில் தட்டினேன்: "முட்டை இல்லடா, அது..." அதற்கு மேல் கை ஓடவில்லை. கடைசியில் 'கான்கிரீஷன்' என்று அடித்தேன். உடனே கேட்டான்: "கான்கிரீட்டா? அப்ப யாரோ கலவை போட்டு உருட்டினதா?"

சிரிப்பு வந்தாலும் அவன் கேட்டதில் தப்பில்லை. இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. 'கூடி வளர்ந்தது' என்பது பொருள். கலவை போட்டதும் உண்மைதான், போட்டது நிலத்தடி நீர்.

புதிதாக வந்தவர்களுக்காக, இந்தக் கான்கிரீஷன் உருண்டை எப்படி விளைகிறது என்று சொல்லிவிடுகிறேன். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ நத்தையோ செத்துப் புதைகிறது. அதன் சதையை பாக்டீரியா சிதைக்கும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறுகிறது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து சேற்றுத் துகள்களின் இடுக்குகளில் படிந்து, அந்த இடத்தை மட்டும் இறுக்குகிறது. இறுக்கம் நடுவிலிருந்து வெளியே பரவுகிறது. சுற்றியுள்ள சேறு பிற்காலத்தில் மேல்பாரத்தால் தட்டையாக நசுங்கினாலும் இந்த உருண்டை நசுங்குவதில்லை. அதனால்தான் உள்ளே இருக்கும் சங்கு முழுசாக, உப்பலாகக் கிடைக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு கழித்து மழை களிமண்ணைக் கரைத்துவிடும். உருண்டை மட்டும் வெளியே நிற்கும். பார்க்கிறவன் முட்டை என்பான்.

எல்லா ஊரிலும் இதே கதைதான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஓர் ஆற்றுக்கே 'பீரங்கிக்குண்டு ஆறு' என்று பெயர். கரையில் கிடப்பவை இந்த உருண்டைகள். நியூசிலாந்தின் மோராக்கி கடற்கரையில் 2 மீட்டர் குறுக்களவு வரை பெரிய உருண்டைகள் கிடக்கின்றன. மாவோரி மக்களுக்கு அவை உடைந்துபோன அராயிதெயுரு என்ற பெரும்படகிலிருந்து கரையொதுங்கிய மீன்கூடைகள், சுரைக்குடுக்கைகள், சர்க்கரைவள்ளிக் கிழங்குகள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த உருண்டையின் பெயரை வைக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் நேர்மாறு: கிராமத்தார் குலதெய்வமாகக் கும்பிட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று 2023 டிசம்பரில் செய்தி வந்தது. அங்கே முட்டை கல்லாயிற்று, இங்கே கல் முட்டையாகிறது!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரியலூர்ப் பக்கம் டைனோசரே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கல்லமேட்டில் எடுத்த எலும்புகளுக்கு புருகத்காயோசாரஸ் என்று 1987-இல் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் கல்லமேட்டுப் படிவு ஆறு கொண்டுவந்து போட்டது. காரை, குன்னம் பக்கத்துக் களிமண் கடல் போட்டது. டைனோசர் கடலுக்குள் போய் முட்டையிடாது.

ஆகவே சொல் வேண்டும். இதுவரை குழுவில் வந்தவற்றைப் பற்றி என் கருத்து:

> கல்முட்டை என்றே வைக்கலாமே, மக்கள் நாவில் நிற்கும்.

நிற்கும், அதுதான் பயம். எந்தத் தவறைத் துடைக்கக் கிளம்பினோமோ அதற்கே பட்டா போட்டுக் கொடுப்பதாகிவிடும்.

> உறைகல். நீர் உறைவதுபோல் கனிமம் உறைவதால்.

எழுத்தில் அழகு. வாயால் சொன்னால் தங்கம் உரசும் உரைகல். வகுப்பில் ஓர் ஆசிரியர் சொல்லிக் கேட்கும் மாணவர் எந்த ரகரம் என்று எப்படி அறிவார்?

> இறுகல்.

படிவு பாறையாவதையே 'இறுகுதல்' என்றுதான் எழுதுகிறோம். முழுமைக்கும் பகுதிக்கும் ஒரே பெயர் ஆகாது.

> சுக்கான்கல் என்று ஊரில் சொல்கிறார்களே?

இதைத்தான் ஒதுக்க மனம் வரவில்லை. கிணறு வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அது மண்ணுக்குள் விளையும் சுண்ணாம்புக் கட்டிக்கு மட்டுமே உரியது. இரும்பாலும் சிலிக்காவாலும் பாஸ்பேட்டாலும் ஆனவை இருக்கின்றன. காரைப் பகுதிக் களிமண்ணிலேயே பாஸ்பேட் உருண்டைகள் உண்டு. சுக்கான்கல் அதன் இடத்தில் அப்படியே இருக்கட்டும், இந்தக் குடும்பத்தின் ஒரு பிள்ளையாக.

என் பரிந்துரை திரளை. புதுச்சொல் அல்ல, உருண்டை, கட்டி என்ற பொருளில் அகராதியில் ஏற்கனவே இருக்கிறது. வினையும் பொருந்துகிறது. மோரெங்கும் பரவிக் கிடந்த கொழுப்பு ஓரிடத்தில் கூடினால் வெண்ணெய் திரண்டது என்கிறோம். நீரெங்கும் கரைந்து கிடந்த கனிமம் ஓரிடத்தில் கூடுவதும் அதேதான். வடிவத்தைச் சொல்வதோடு விளைந்த விதத்தையும் சொல்கிறது. கூட்டுச்சொற்களும் எளிதாக வரும்: சுண்ணத் திரளை, இரும்புத் திரளை, நடுவிலிருக்கும் பொருளுக்குத் திரளைக்கரு. உள்ளே காய்ந்த ஏரிபோல் வெடித்து, வெடிப்பில் கால்சைட்டு என்ற சுண்ணாம்புக் கனிமம் நிரம்பியிருக்கும் வகைக்குப் பாளவெடிப்புத் திரளை. மோராக்கியில் இருப்பவை அப்படிப்பட்டவைதான்.

அடித்து நொறுக்குங்கள்.

———

தம்பிக்கு,

நொறுக்கச் சொன்னதால் நொறுக்குகிறேன். இரண்டு தடை, ஒரு முணுமுணுப்பு.

முதல் தடை: கூழாங்கற்கள் ஒட்டிக்கொண்டு ஆன பாறையைத் 'திரள்பாறை' என்று என் வகுப்பில் பல ஆண்டாகச் சொல்லி வருகிறேன். நாளைக்குத் திரள்பாறையில் திரளை கிடைத்தது என்று எழுதினால் பிள்ளைகள் என்னைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது: இந்த உருண்டைகள் 'திரள' எவ்வளவு காலம்? வெண்ணெய் என்றால் அரைமணி நேரம் என்ற எண்ணம் வந்துவிடாதா? மோராக்கியின் பெரிய உருண்டைகளுக்கு 40 லட்சம் முதல் 55 லட்சம் ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்களே.

முணுமுணுப்பு: யாழ்ப்பாணத்துக்காரிக்குத் திரளி என்றால் மீன். திரளை என்று படித்ததும் எனக்கு முதலில் குழம்புதான் ஞாபகம் வந்தது.

———

அக்கா,

குழம்புக்கு என்னிடம் மருந்தில்லை.

திரள்பாறை பற்றி: கூழாங்கற்கள் திரள்வதில்லை, ஆறு கொண்டுவந்து குவிக்கிறது, பிறகு ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பெயரைத்தான் மாற்ற வேண்டும் என்பேன், ஆனால் உங்கள் வகுப்பறையில் கைவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒன்று பாறையின் பெயர், மற்றது பாறைக்குள் கிடக்கும் பொருளின் பெயர் என்ற வேறுபாடு பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

காலம் பற்றி: இதில் வெண்ணெய்க்கே வெற்றி என்று தோன்றுகிறது. நகோயா பல்கலைக்கழகத்தார் யானைத்தந்தம் போன்ற சிறு கடற்சிப்பிகளைச் சுற்றியிருந்த உருண்டைகளை ஆராய்ந்து, அவை சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உருவானவை என்று 2015-இல் எழுதினார்கள். அளவும் சேறும் கனிமமும் மாறினால் காலமும் மாறும். சொல்லில் காலத்தை ஏற்றாமல் விட்டது நல்லதே.

நானே சோதித்துப் பார்க்கச் சில வாக்கியங்கள் எழுதினேன். "அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மேசன் கிரீக்கில் சுமார் 31 கோடி ஆண்டுப் பழமையான, சிடரைட்டு என்ற இரும்புக் கனிமத்தாலான திரளைகளுக்குள் எலும்பில்லாத மென்னுயிர்களும் பதிந்துள்ளன." இடறவில்லை. "2004-இல் செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி கண்ட, ஹெமடைட்டு என்ற இரும்புக் கனிமத்தாலான மணிகள் திரளைகள் என்பதால் அங்கே நீர் இருந்தது என்று கொண்டார்கள்." இதுவும் ஓடுகிறது. அந்த 'என்பதால்' வேலை செய்வது கவனித்தீர்களா? நீரில்லாமல் திரளாது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "முக்திநாத் சாளக்கிராமம் அம்மோனைட்டைக் கருவாகக் கொண்ட திரளை" என்றும் எழுதினேன். வீட்டில் பூஜை செய்யும் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

வேறொன்று. முட்டையா என்று பார்க்கக் கழிவறை ஆசிட்டை ஊற்றி, "நுரைக்குது, சுண்ணாம்பு இருக்கு, அப்ப முட்டைதான்" என்கிறார்கள். முட்டையோடும் சுண்ணாம்பு, சுண்ணத் திரளையும் சுண்ணாம்பு, இரண்டும் நுரைக்கும். வெட்டுமுகத்தில் ஓடு தனி அடுக்காகத் தெரிகிறதா, அந்த ஓட்டில் மூச்சுத் துளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். திரளையில் தனி ஓடு இராது. சேற்றின் பழைய வரிகள் சில நேரம் கல்லின் குறுக்கே அப்படியே ஓடும்.

நேற்று அத்தை மகனிடம் சொல்லிப் பார்த்தேன். "அது திரளைடா. வெண்ணெய் திரளுமில்ல, அந்த மாதிரி சேத்துக்குள்ள திரண்ட கல்லு."

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு வந்தது: "அப்ப நடுவுல எதைச் சுத்தித் திரண்டுச்சு?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லை டைல்ஸ் கடைக்குக் கொண்டுபோய் அறுக்கப் போகிறான். படம் வந்தால் அனுப்புகிறேன்.